உங்கள் வீட்டுச் சரித்திரத்தை எழுதப்போவது யார்?



சாட்சி வேளைகளில் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒருவர் எழுந்து பத்து நிமிடம் சரளமாகப் பேசுவார். வீடு திரும்புவதற்குள் அவர் சொன்னது முழுவதும் மறந்துபோகும். மேடையில் பேசிப் பழகாத ஒரு தாயார் மூன்று நிமிடம் மட்டும் பேசுவார். வாடகை கொடுக்கவேண்டிய தேதி, அன்று கையில் இருந்த தொகை, வீட்டுக்காரர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில் ஆகியவற்றை நடந்தபடியே சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். ஆண்டுகள் கடந்தாலும் அது நம் நெஞ்சை விட்டு நீங்காது.

சொல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை எழுத்துக்கும் பொருந்தும். மனிதர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையை ஏன் எழுதி வைக்கிறார்கள்? அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் சில மட்டும் ஏன் பிறரால் விரும்பி வாசிக்கப்படுகின்றன? இக்கேள்விகளை இம்மாதம் சிந்திப்போம். இதற்குப் பொருத்தமான ஊர் ஒன்று உண்டு. நம் வாசகர்களில் பலருக்கு அது தாய்வீடு. அதுதான் கோலார் தங்கவயல்.

பொன்னுக்குக் கணக்கு உண்டு

1880-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் தங்கவயலுக்கு வந்தனர். அதுமுதல் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்படும் வரை அப்பூமியிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. எந்த ஆண்டில் எவ்வளவு பொன் கிடைத்தது என்பதற்குக் கணக்கு உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்ட செய்தியும் பதிவாகியுள்ளது. பெங்களூர் நகரத்திற்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களின் அடையாளத்தை விஞ்ஞானிகள் கண்டனர். அவர்களுடைய பெயர்களும் உலக அறிவியல் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றதும், 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவானதும் அரசாங்கக் கோப்புகளில் உள்ளன.

ஆனால், வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து மூட்டை முடிச்சுடன் மாரிக்குப்பத்திற்கு வந்து சேர்ந்த உங்கள் பாட்டனார் எந்த ஆண்டில் வந்தார்? ஊரை விட்டுப் புறப்பட என்ன காரணம்? முதல் நாள் கேஜில் ஏறிச் சுரங்கத்திற்குள் இறங்கியபோது அவருக்கு வயது என்ன? அவர் கூலியில் ஊருக்கு அனுப்பியது எவ்வளவு? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். அவர்களில் மிகப்பெரும்பாலோர் தமிழர்கள். பொன் எத்தனை அவுன்ஸ் என்று எழுதிய கணக்கரின் பேரேட்டில் இக்கேள்விகளுக்கு விடை இருக்காது. அது உங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு. அதுவும் எழுத்தில் இல்லை. யாரோ ஒரு வயதான அத்தையின் நினைவில் இருக்கிறது.

எழுத்தறிவு இல்லாததே இதற்குக் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசா தமிழன்’ வார இதழைத் தங்கவயல் தொழிலாளர்கள் ஆவலோடு வாசித்தனர். 1926 முதல் ‘தமிழன்’ இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. வாசித்த மக்கள்தான், விவாதித்த மக்கள்தான். எனினும் ‘நம் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது?’ என்ற எண்ணம் பலரைத் தடுத்துவிட்டது. அதே ஊரில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணியான பிரிட்ஜெட் வைட்-குமார் தம் இளமைக்காலத் தங்கவயலை 2010-இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். தம் சமுதாயத்தின் சமையல் முறைகளையும் தொகுத்துப் பல நூல்களாக வெளியிட்டார். அவர் எழுதியது போர்க்கதையன்று. வீட்டு வாழ்க்கையும் அடுப்படியுமே. அவர் எழுதியதால் அது இன்று கையில் இருக்கிறது. லைன் வீட்டு அடுப்படிக்கும் அத்தகைய சரித்திரம் உண்டல்லவா?

மனிதர் ஏன் எழுதுகின்றனர்?

முதலாவது காரணம், மறந்துபோகாமல் இருப்பதற்காக. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல்கள் வந்ததையும் போனதையும் எழுதுவதே அவர் நோக்கம். 1761-இல் மரணமடையும் வரை இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாக எழுதினார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த செய்தியும் அதில் உண்டு. வியாபாரச் சரக்கின் விவரமும், யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதும் உண்டு. தாம் ஒரு காலத்தின் சாட்சியாகப்போகிறோம் என்று எண்ணி அவர் பேனா பிடித்ததாகத் தோன்றவில்லை. அன்றன்று நடந்ததை அன்றன்று எழுதினார், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், மனப்பாரம் குறைவதற்காக. அமெரிக்க உளவியல் அறிஞரான ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை, தங்கள் வாழ்வின் மிகத் துயரமான அனுபவத்தை நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாட்கள் எழுதச் செய்தனர். எழுதி முடித்தவுடன் அவர்களுக்கு மனவருத்தம் அதிகரித்தது. ஆனால், நடந்ததையும் அதைப் பற்றிய தம் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்திற்குச் சென்றது குறைந்திருந்தது. பிற்காலத்தில் நடந்த ஆய்வுகளில் இப்பலன் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. ஆகவே இது சர்வரோக நிவாரணி அல்ல. என்றாலும், வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாமல் நகரத்து வாடகை அறையில் தனித்திருப்பவருக்கு ஒரு நோட்டுப்புத்தகம் சிறிது ஆறுதல் தரக்கூடும்.

மூன்றாவது காரணம், தன்னைப் பற்றித் தானே சொல்வதற்காக. நாம் மௌனமாயிருந்தால் நம் கதையை வேறொருவர் தமக்குத் தோன்றியபடி சொல்லிவிடுவார். பாமா அவர்கள் 1992-இல் வெளியிட்ட ‘கருக்கு’ என்னும் நூலை இங்கே எண்ணிப்பார்க்கலாம். தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின் அதைவிட்டு வெளியேறிய ஒரு பெண் தம் வாழ்வை எழுதிய நூல் அது. அவமானத்தை அனுபவித்தவரே அதைத் தம் வாயால் சொன்னபோது, அதை மறுக்கவோ மறைக்கவோ எளிதில் எவராலும் இயலவில்லை.

தங்கவயலுக்கும் இது பொருந்தும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசேர்த்தன. கேஜிஎஃப் என்றால் இன்று வடநாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அக்கதை முழுக்கக் கற்பனை. துப்பாக்கியும் தங்கக்கட்டியும் அதில் உண்டு. ஷிப்டு முடிந்து களைத்து வந்த தகப்பனும், ‘ஏர் பிளாஸ்ட்’ என்று மக்கள் அஞ்சிய பாறை வெடிப்பும், தூசியால் நுரையீரல் பழுதானவரின் இருமலும் அங்கே இல்லை. பெங்களூரில் வளரும் உங்கள் பேரப்பிள்ளைக்குத் தங்கவயல் என்றால் எது நினைவுக்கு வரவேண்டும்?

எது வாசிக்கப்படும்?

சொந்த வாழ்க்கையை எழுதுவோர் பலர், வாசிக்கப்படுவோர் சிலர். அந்தச் சிலரிடம் காணப்படும் குணங்களைக் கவனிப்போம்.

1. குறிப்பாக எழுதுகிறார்கள். ‘அந்நாட்களில் மிகவும் கஷ்டப்பட்டோம்’ என்ற வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அது எவருடைய கஷ்டமும் அல்ல. சங்கு எத்தனை மணிக்கு ஊதியது? தகப்பனார் சாப்பாட்டுப் பாத்திரத்தில் என்ன கொண்டுபோனார்? சங்கு தப்பான நேரத்தில் ஊதினால் லைனில் இருந்த பெண்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள்? ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்று பொறியாளர் எழுதிவிட்டார். அங்கே வேலை செய்தவரின் சட்டை வீட்டுக்கு வரும்போது எப்படி இருந்தது என்பதை, அதைத் துவைத்தவர்தான் எழுத முடியும்.

2. ஒருவரை நோக்கி எழுதுகிறார்கள். நெதர்லாந்தில் மறைவிடத்தில் வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், தம் நாட்குறிப்பை ‘கிட்டி’ என்னும் கற்பனைத் தோழிக்கு எழுதும் கடிதங்களாகவே எழுதினார். போர்க்காலத்து நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மக்கள் பாதுகாக்கவேண்டும் என்று 1944 மார்ச் மாதம் டச்சு அமைச்சர் ஒருவர் வானொலியில் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்டபின் ஆன் தம் குறிப்புகளைப் பிறர் வாசிப்பதற்கேற்பத் திருத்தி எழுதத் தொடங்கினார். 1945-இல் முகாமில் மாண்டார். 1947-இல் நூல் வெளிவந்தது. உலகத்துக்கே எழுதுகிறேன் என்று அமர்ந்தால் நமக்கு எழுத்து வராது. ‘என் மகளின் மகளுக்கு’ என்று மேலே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். கை தானாக நகரும். அவளுக்கு எது புரியாது, எதை விளக்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

3. தங்கள் சொந்த மொழியில் எழுதுகிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் பண்டிதத் தமிழ் அல்ல. அக்காலப் பேச்சுவழக்கு கலந்தது. ‘கருக்கு’ கிராமத்துப் பேச்சிலேயே எழுதப்பட்டது. தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த தங்கவயல் தமிழை எண்ணி நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. சாப்ட், கேஜ், லைன், ஷிப்டு என்ற சொற்களைத் திருத்திவிட்டால், அவற்றைப் பேசிய மனிதரும் மறைந்துபோவார்.

4. விடாமல் எழுதுகிறார்கள். ஒரே இரவில் நாற்பது பக்கம் எழுதி நிறுத்திவிடுவதைவிட, வாரம் ஒரு பக்கம் மேலானது. ஆண்டு முடிவில் ஐம்பது பக்கங்கள் சேர்ந்திருக்கும்.

5. உண்மையை எழுதுகிறார்கள். தோல்வியை விழுங்கிவிட்டு வெற்றியை மட்டும் சொல்லும் எழுத்தை வாசகர் நம்புவதில்லை. சாட்சியைப் பெரிதாக்கிச் சொல்லும் சோதனை எழுத்திலும் உண்டு. பட்டினி மூன்று நாட்கள் என்றால் மூன்று என்றே எழுதுங்கள். பத்து ஆக்க வேண்டாம். தேதி நிச்சயமில்லையானால், ‘நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது’ என்று எழுதுவதே நேர்மை.

இரண்டு தயக்கங்கள்

‘தன்னைப் பற்றி எழுதுவது தற்பெருமை ஆகாதா?’ என்று நம்மில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதியதைத் திரும்ப வாசித்து, அதில் ‘நான்’ மட்டும் நிறைந்திருக்கிறதா, அல்லது அண்டை வீட்டாரும் உடன் உழைத்தவரும் உதவி செய்தவரும் நடமாடுகிறார்களா என்று பாருங்கள். நல்ல தன்வரலாறு என்பது, எழுதியவரின் ஜன்னல் வழியே ஒரு தெருவையே காட்டுவதாகும். சம்பளம் இல்லாத மாதத்தில் அரிசி கடன் கொடுத்த கடைக்காரரின் நற்குணம் உங்கள் நோட்டில் மட்டுமே பதிவாகக்கூடும்.

‘குடும்ப ரகசியங்கள் வெளியே வந்துவிடுமே’ என்பது மற்றொரு தயக்கம். உங்கள் கண்ணீரை எழுத உங்களுக்கு உரிமை உண்டு; தங்கையின் கண்ணீரை எழுத அவளிடம் கேட்கவேண்டும். உயிரோடிருப்பவரை நாணச் செய்யும் செய்தியை எழுதாமல் விடுவதால் உண்மை கெட்டுவிடாது. ஆனால் பொய்யை எழுதினால் கெட்டுவிடும்.

காலம் காத்திருக்கவில்லை

சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அன்று நாற்பது வயதாயிருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களுடைய தகப்பன்மாரில் பலர் மறைந்துவிட்டனர். மூத்தவர்கள் ஒவ்வொருவராய்க் கடந்துபோகப் போக, கேட்கவேண்டிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போகிறது. ஊரில் எஞ்சியிருப்பவர்களில் பெருந்திரளானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் வீடு திரும்புகின்றனர். கதை சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. கேட்கப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. நகரத்தில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ படித்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், வாசிக்க அறியார்கள். ‘நான் தமிழில் எழுதி யார் வாசிக்கப்போகிறார்கள்?’ என்று நீங்கள் சோர்ந்துபோகலாம். சோர வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அவர் மறைந்து 85 ஆண்டுகள் வரை உலகம் அறியவில்லை. 1846-இல் காலுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை அது 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. இன்று அக்காலத்தை ஆராயும் எவரும் அதை வாசியாமல் இருக்க முடியாது. எழுதப்பட்டது இருந்தால் மொழிபெயர்ப்பவர் ஒருநாள் வருவார். எழுதப்படாததை எவர் வந்தும் மொழிபெயர்க்க இயலாது.

ஆகவே எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதை வெற்றியின் அளவாகக் கொள்ளாதீர்கள். பதினைந்து வயதுப் பேரன் ஒருவன் உங்கள் நோட்டைக் கையில் எடுத்து, ‘தாத்தா, இது உண்மையாகவே நடந்ததா?’ என்று கேட்டால், அந்த எழுத்து வெற்றி பெற்றுவிட்டது.

இம்மாதம் செய்யத்தக்கவை

முதலில் ஒரு நல்ல நோட்டுப்புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் பெயரும் தேதியும், யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதும் எழுதுங்கள். முதல் வாரம், குடும்பம் எந்தக் கிராமத்திலிருந்து எப்போது புறப்பட்டது என்பதை எழுதுங்கள். இரண்டாம் வாரம், பிறந்து வளர்ந்த வீட்டை வாசற்படி முதல் அடுப்படி வரை விவரியுங்கள். மூன்றாம் வாரம், தகப்பனார் அல்லது தாயாரின் ஒருநாள் வேலையை எழுதுங்கள். நான்காம் வாரம், நீங்கள் முதன்முதலில் நகரத்திற்கு வந்து இறங்கிய நாளை எழுதுங்கள்.

பழைய புகைப்படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று பென்சிலால் குறியுங்கள். பெயர் தெரியாத படம் இன்னும் ஒரு தலைமுறையில் அந்நியரின் படமாகிவிடும். வேலைச் சான்றிதழ், சம்பளச் சீட்டு போன்ற பழைய காகிதங்களைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள்.

எழுத இயலாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பொதுவாகக் கேட்காமல் ஒரு நாளில் ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்றால் பெரியவர் திகைத்துப்போவார். ‘முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?’ என்றால் ஒருமணி நேரம் பேசுவார். பதிவின் ஒரு பிரதியை வேறொரு வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பானவர்களே, பொன்னைத் தேடி நம் முன்னோர் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். அவர்கள் எடுத்த பொன் நம் கையில் இல்லை; அது எங்கெங்கோ போய்விட்டது. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை மட்டும் நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. அதையும் கைநழுவ விடலாமா? இவ்விதழை மூடிவைத்தவுடன், ஊரிலிருக்கும் மூத்தவர் ஒருவருக்குத் தொலைபேசி செய்து முதல் கேள்வியைக் கேளுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.